ஒரு கையெழுத்தில் மாறாத காடு

அப்பா புது ஊருக்குப் போனால் முதலில் கேட்பது, "இது யாரு நிலம்?" என்றுதான். முப்பத்திரண்டு வருடம் வருவாய்த் துறையில் ஊர் ஊராக மாற்றலாகி, துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்குப் போனால்கூட மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பின்பக்கச் சுவரு ஓடைப் புறம்போக்குல நிக்குது" என்று அம்மாவின் காதில் சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். அதனால் சில வருடங்களுக்கு முன் அவரும் அம்மாவும் முதல் தடவையாக இங்கே அமெரிக்காவுக்கு வந்திருந்தபோது, ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனியிலிருந்து வடக்கே அடிராண்டாக் மலைக்குக் காரில் கிளம்பினோம் என்றால், வழியில் இந்தக் கேள்வி வந்தே தீரும் என்று எனக்குத் தெரியும். பதில்தான் அரைகுறையாகத் தெரியும். திரும்பி வந்து அந்தப் பதிலைத் தேடித் தேடிப் படித்ததில் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் போனதும் பார்க்குக்குள் நுழைகிறோம் என்று போர்டு வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுமலை மாதிரி ஒரு செக்போஸ்ட், டிக்கெட் கவுன்டர், பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைக் கிளறும் ஒரு வாட்சர், இதெல்லாம் வரும் என்று காத்திருந்திருக்கிறார். ஒன்றும் வரவில்லை. பெட்ரோல் பங்க் வந்தது, ஒரு சர்ச், நாலு வீடு, ஐஸ்கிரீம் கடை, வாசலில் படகு நிறுத்தியிருந்த ஒரு வீடு. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எங்கம்மா பார்க்கு?" என்றார்.

"அதுக்குள்ளதாம்ப்பா போய்க்கிட்டு இருக்கோம்."

"இந்த வீடெல்லாம்?"

"அதுவும் பார்க்குக்குள்ளதான்."

அப்பா என் கணவரைப் பார்த்தார். "மாப்பிள்ளை, இவ சொல்றது சரியா?"

சரிதான். அடிராண்டாக் பார்க் என்பது சுமார் 60 லட்சம் ஏக்கர், 24,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்று நான் சொன்னபோது அம்மா நம்பவில்லை. 1890-களில் வரைபடத்தில் நீல மையால் ஒரு கோடு இழுத்து இதுதான் எல்லை என்றார்கள், இன்றுவரை உள்ளூர்க்காரர்கள் 'நீலக் கோட்டுக்கு உள்ளே', 'வெளியே' என்றுதான் பேசுகிறார்கள். உள்ளே பாதிக்கு மேல் தனியார் நிலம். வீடு, கடை, மரம் வெட்டும் கம்பெனிகளின் காடு எல்லாம் உண்டு, லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் வருடம் முழுக்கக் குடியிருக்கிறார்கள். மீதி, சுமார் 26 லட்சம் ஏக்கர், நியூயார்க் மாநில அரசின் நிலம். அது ஒரே துண்டாகவும் இல்லை. வரைபடத்தைப் பார்த்தால் பட்டா நிலத்துக்கு நடுவே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கும். கேட் போடவே முடியாது.

"அப்ப அந்த 26 லட்சம் ஏக்கரும் புறம்போக்கு" என்றார் அப்பா, ஒரு வழியாகத் தெரிந்த ஊருக்கு வந்துவிட்டவர் போல. "அரசுக்கு எப்படி வந்துச்சு?"

இதைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லா சுற்றுலாப் பயணியும் மலை எவ்வளவு உயரம், கரடி இருக்குமா என்று கேட்பான், இவர் மூலப் பத்திரம் கேட்கிறார். நல்லவேளை, இந்த ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக் கம்பெனிகள் இந்த மலைகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பைன், ஸ்ப்ரூஸ், தோல் பதனிட ஹெம்லாக் பட்டை என்று வழித்து எடுத்துவிட்டு, மொட்டை நிலத்துக்கு எதற்கு வரி கட்டுவது என்று அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வரி பாக்கிக்கு ஏலம் விட்டால் எடுக்க ஆள் இல்லை. நிலம் அரசின் தலையில் விழுந்தது. தெற்கே கேட்ஸ்கில் மலையில் இன்னும் வேடிக்கை, அங்கே அல்ஸ்டர் கவுன்ட்டி நிர்வாகமே மாநில அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்குப் பதிலாக நிலத்தைத் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டது.

அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வரி பாக்கி நிலமா! அதான பாத்தேன். எவனுக்கும் வேண்டாம்னு விட்டதுதான் காடா மிஞ்சும்." அப்புறம் ஒரு பத்து நிமிடம் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு, அனாதீனம் என்று மாப்பிள்ளைக்கு ஒரு வகுப்பு நடந்தது. பாவம், அவர் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே ஓட்டினார்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி கீன் என்ற மலைக் கிராமத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். அம்மா புளியோதரையை அலுமினியத் தாளில் ஆளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி வந்திருந்தார். பிரிக்கவும்தான் அதுகள் வந்தன. பிளாக் ஃப்ளை என்பார்கள், கொசுவில் பாதி இருக்கும், கூன் விழுந்த கறுப்பு ஈ. கடிக்கும்போது தெரியாது. காதுக்குப் பின்னால், தலைமுடி தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்து ஒரு துணுக்குச் சதையைக் கிழித்துவிட்டுப் போய்விடும், வழிகிற ரத்தத்தைப் பார்த்துத்தான் கடித்ததே தெரியும். அம்மா அப்பாவின் கழுத்தைப் பார்த்து "ஐயையோ ரத்தம்!" என்று கத்த, அப்பா துண்டால் தலையைச் சுற்றி முக்காடு போட்டுக்கொண்டு, காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, புளியோதரையை மென்றுகொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"சரி. நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன் வர்றான். இந்த இடம் வேணும்ங்கிறான். வகைப்பாட்டை மாத்தணும். யாரு கையெழுத்து போடணும்?"

எனக்கு இந்தக் கேள்விதான் மொத்த விஷயமும் என்று இப்போது தோன்றுகிறது. அப்பாவின் உத்தியோக காலம் முழுக்க அவர் பார்த்தது இதைத்தான். மேய்க்கால் என்று 'அ' பதிவேட்டில் இருந்த இடம் ஒரு அரசாணையில் சிப்காட் ஆகும், ஊருணி என்று இருந்தது பஸ் ஸ்டாண்ட் ஆகும், பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் ஆணை எண், தேதி, சுருக்கொப்பம், முடிந்தது. பாதுகாப்பு என்று எழுதியிருப்பதை எவ்வளவு சுலபமாக அடிக்க முடியும் என்பதுதான் அந்தப் பாதுகாப்பின் உண்மையான அளவு என்று அவர் ஒருநாளும் இப்படி வாக்கியமாகச் சொன்னதில்லை, ஆனால் கேட்கிற கேள்வியெல்லாம் அதுதான்.

நியூயார்க் கதையில் எனக்குப் பிடித்த இடமும் அதுவே. 1885-இல் இந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: அரசின் காட்டு நிலங்கள் என்றென்றைக்கும் காட்டு நிலமாகவே வைத்திருக்கப்பட வேண்டும், விற்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது. படித்தால் கண்ணில் நீர் வரும் அளவுக்கு அழகான வார்த்தைகள். மரத்தின் மேல் உள்ள பாசத்தில் மட்டும் போட்டதில்லை, காடு போனால் ஹட்சன் ஆற்றிலும் ஈரி கால்வாயிலும் தண்ணீர் குறைந்து வியாபாரம் படுத்துவிடும் என்று நியூயார்க் நகரத்து வணிகர்களுக்குப் பயம் வந்திருந்தது. வெர்ப்ளாங்க் கால்வின் என்ற சர்வேயர் வருடக்கணக்காக இந்த மலைகளை அளந்து, 1872-இல் மார்சி மலைச் சரிவில் ஒரு சின்னக் குட்டைதான் ஹட்சன் ஆற்றின் மிக உயரமான ஊற்று என்று கண்டுபிடித்து, காட்டைக் காப்பாற்றாவிட்டால் ஆறு போச்சு என்று அறிக்கைக்கு மேல் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். (அந்தக் குட்டைக்கு அவர் வைத்த பெயர் 'மேகங்களின் கண்ணீர்'. சர்வேயருக்கு இப்படி ஒரு பெயர் வைக்கத் தோன்றியிருக்கிறதே என்று அப்பாவுக்கு ஆச்சரியம், அவருக்குத் தெரிந்த சர்வேயர்கள் வேறு ரகம்.)

ஆனால் 1885 சட்டம் சாதாரணச் சட்டம். சட்டமன்றம் போட்டதைச் சட்டமன்றமே எடுக்கலாம். எடுத்தார்கள். இரண்டே வருடத்தில் சில துண்டுகளை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு திருத்தம், 1893-இல் நிற்கிற மரத்தை விற்கலாம், நிலத்தைக் குத்தகைக்கு விடலாம் என்று இன்னொன்று. 'என்றென்றைக்கும்' என்பதன் ஆயுள் எட்டு வருடம்.

மறு வருடமே ஆல்பனியில் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தி எழுத ஒரு மாநாடு கூடியது. டேவிட் மெக்ளூர் என்ற நியூயார்க் நகரத்து வக்கீல் அந்தக் காட்டு வாசகத்தைச் சாசனத்திலேயே வைக்க வேண்டும் என்று கொண்டுவந்தார். வார்த்தைகள் பெரும்பாலும் 1885 சட்டத்தில் இருந்த அதே வார்த்தைகள்தான். மரங்களை விற்கவோ அகற்றவோ கூடாது என்று இருந்ததில், விவாதத்தின்போது 'அழிக்கவோ' என்று ஒரு சொல் சேர்ந்தது. காரணம் அணைகள். மரத்தை வெட்டி விற்காமல், அணை கட்டி நீரில் மூழ்கடித்துச் சாகடித்துவிட்டு நாங்கள் விற்கவில்லையே, அகற்றவில்லையே என்று சொல்லிவிடக் கூடாதே! அந்தச் சொல்லைச் சேர்த்தவருக்கு நம் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த அனுபவம் இருந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஓட்டுக்கு விட்டபோது ஆதரவாக 122, எதிராகப் பூஜ்யம்.

மொத்தமே இரண்டு வாக்கியம். இந்த நிலங்கள் என்றென்றைக்கும் காட்டு நிலமாக வைத்திருக்கப்படும் என்று ஒன்று. குத்தகைக்கு விடவோ விற்கவோ மாற்றிக்கொள்ளவோ எந்த நிறுவனமும் எடுத்துக்கொள்ளவோ கூடாது, மேலே உள்ள மரத்தை விற்கவோ அகற்றவோ அழிக்கவோ கூடாது என்று இன்னொன்று. இப்போது சாசனத்தின் 14-ஆம் பிரிவில் இருக்கிறது. 1895 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது.

இதைத்தான் அன்று காருக்குள் சுருக்கமாகச் சொன்னேன். சாசனத்தை மாற்ற வேண்டுமென்றால் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம் தேர்தல் நடந்து புதிதாக வருகிற சட்டமன்றமும் அதையே திரும்ப ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கும் அப்புறம் மாநிலம் முழுக்க வாக்காளர்களிடம் போக வேண்டும். கவர்னர் கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை.

"கவர்னர் கையெழுத்தே இல்லையா?"

"இல்லப்பா."

அப்பா கொஞ்ச நேரம் மெல்லாமல் இருந்தார். "அப்ப கலெக்டர், தாசில்தார் எல்லாம் என்ன பண்ணுவான்?"

இந்த முறையால் வருகிற கூத்தும் கொஞ்சநஞ்சம் இல்லை. நாங்கள் புளியோதரை சாப்பிட்ட அதே கீன் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் இடம் பற்றாமல் போனது. பக்கத்து நிலம் மாநிலக் காடு. ஒரு சின்ன மலைக் கிராமம் தன் செத்தவர்களைப் புதைக்க 12 ஏக்கர் வேண்டும் என்பதற்கு, இரண்டு சட்டமன்றங்கள் தாண்டி, 1995-இல் மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு. புரூக்ளினில் எட்டாவது மாடியில் குடியிருப்பவர், பஃபலோவில் ஆலையில் வேலை பார்ப்பவர், எல்லோரும் கீன் சுடுகாட்டுக்கு ஓட்டுப் போட்டார்கள். பதிலுக்கு அந்த ஊர் அரசுக்குக் கொடுத்தது 144 ஏக்கர். இன்றைக்கும் நியூயார்க் அரசியல் சாசனத்தைத் திறந்தால், பேச்சுரிமை, ஓட்டுரிமை எல்லாம் தாண்டி, கீன் ஊர் கல்லறைக்கு 12 ஏக்கர் என்று பெயர் போட்டு எழுதியிருக்கும். இன்னொரு ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு போட ஒரு ஏக்கர், அதற்கு 2007-இல் ஓட்டெடுப்பு. இதெல்லாம் அதிகாரிகளைக் கேட்டால் எரிச்சல் வரும்தான், கிறுக்குத்தனம் என்பார்கள். எனக்கு என்னவோ இந்தக் கிறுக்குத்தனம்தான் வேலை செய்கிறது என்று படுகிறது. ஒரு ஏக்கருக்கே இத்தனை அலைச்சல் என்றால் ஆயிரம் ஏக்கர் கேட்க வருகிறவன் வாசலிலேயே யோசிப்பான்.

பெரிதாகக் கேட்டும் பார்த்திருக்கிறார்கள். மூஸ் ஆற்றில் பாந்தர் மவுன்டன் என்ற இடத்தில் அணை கட்ட வருடக்கணக்காக முயற்சி நடந்து, கடைசியில் 1955-இல் மக்களிடம் போனது. ஆதரவு சுமார் 6 லட்சம், எதிர்ப்பு 16 லட்சத்துக்கும் மேல். அதில் எத்தனை பேர் அந்த ஆற்றைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

சாப்பிட்டு முடித்து ஒயிட்ஃபேஸ் மலைக்குப் போனோம். 4,867 அடி, மாநிலத்தில் ஐந்தாவது பெரிய சிகரம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, பத்துப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார், அதனால்தான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை கார் ரோடு இருக்கிறது, சுங்கக் கட்டணம் கட்டிவிட்டு எட்டு கிலோமீட்டர் ஏறினால் கல்லால் கட்டிய கோட்டை மாதிரி ஒரு கட்டடம். அங்கிருந்து பாறையைக் குடைந்து ஏறக்குறைய 130 மீட்டருக்கு ஒரு சுரங்கப்பாதை. அந்த ஜூன் வெயிலிலும் உள்ளே குளிர் பிடரியில் கை வைத்த மாதிரி இருக்கும், சுவரில் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். கடைசியில் ஒரு பழைய லிஃப்ட், பாறைக்குள்ளேயே 27 மாடி உயரம் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் விடும். அம்மா லிஃப்டை விட்டு வெளியே வந்து, காற்றில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலாபுறமும் மலையும் ஏரியுமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "பழனில கூட இப்படித் தெரியாதுடி" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

சரி, மரத்தையே தொடக் கூடாது என்ற ஊரில் மலையைக் குடைந்து லிஃப்ட் எப்படி வந்தது? அதுவும் ஓட்டெடுப்புதான். முதல் உலகப் போர் வீரர்களின் நினைவாக இந்த ரோடு வேண்டும் என்று கேட்டு, 1927-இல் வாக்காளர்கள் சாசனத்தைத் திருத்தி அனுமதி கொடுத்தார்கள். 1935-இல் திறந்துவைத்தவர் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், போலியோவால் தானும் நடக்க முடியாதவர். அன்று நாங்கள் வடக்கே வந்த 87-ஆம் எண் நெடுஞ்சாலையும் அப்படித்தான், காட்டில் 300 ஏக்கருக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1959-இல் ஓட்டு வாங்கியது. ஆக, அம்மா அன்று காட்டைப் பார்த்ததே முழுக்க முழுக்க விதிவிலக்குகளின் மேல் ஏறித்தான். காட்டைத் தொடவே கூடாது என்று பேசுகிற சுத்தபத்தக்காரர்களோடு எனக்கு முழுசாக ஒத்துப்போகாத இடம் இதுதான். முழங்கால் போனவர்களுக்கு ஒரு மலை இருக்கட்டுமே. அடிராண்டாக்கின் 46 பெரிய சிகரங்களில் கார் ரோடு உள்ளது இது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் காலால்தான் ஏற வேண்டும்.

உச்சியில் இருந்து பார்த்தால் கீழே லேக் பிளாசிட் ஏரி தெரியும். அதன் கரையில் இருக்கிற ஊரில்தான் 1932 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தது. பனிச்சறுக்கு வண்டி ஓட்ட ஒரு பாதை வேண்டும் என்று மாநிலக் காட்டில் இடம் பார்த்தார்கள். நாலரை ஏக்கர், சுமார் 2,500 மரம். சட்டமன்றம் தனிச் சட்டமே போட்டது. உலகமே வருகிறது, மாநிலத்தின் மானம், நாலரை ஏக்கர் ஒரு விஷயமா? ஒரு பாதுகாப்புச் சங்கம் வழக்குப் போட்டது. 1930-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், இந்த விளையாட்டு நல்ல விஷயம்தான், ஆனால் சாசனம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டது. ஒலிம்பிக்ஸ் நின்றா போனது? பக்கத்தில் தனியார் நிலத்தில், வான் ஹோவன்பெர்க் மலையில் பாதை போட்டு ஜோராக நடத்தினார்கள். அந்த மலையின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

வழக்குப் போடுகிற வழியும் அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மீறல் நடந்தால் மேல்முறையீட்டு அமர்வின் அனுமதியோடு எந்தக் குடிமகனும் தடை கேட்கலாம். இது இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் கவிதை என்பேன். அரசே மீறும்போது அரசு வக்கீலா வந்து கேட்பார்?

அரசே மீறியதற்கு அண்மைக் கதை ஒன்று உண்டு. பனிக்காலத்தில் ஓட்டுகிற ஸ்னோமொபைல் வண்டிகளுக்காக, ஊரையும் ஊரையும் இணைக்க 27 மைல் பாதை போட மாநிலச் சுற்றுச்சூழல் துறை கிளம்பியது. ஒன்பது முதல் பன்னிரண்டு அடி அகலம், சரிவுகளை வெட்டிச் சமன்படுத்த வேண்டும். எத்தனை மரம் போகும் என்று கோர்ட்டில் கேள்வி வந்தபோது துறை சொன்ன கணக்கு 6,184. நெஞ்சு உயரத்தில் மூன்று அங்குல விட்டமாவது இருந்தால்தான் மரம், அதற்குக் கீழே எல்லாம் கணக்கில் வராது என்றார்கள். எதிர்த்தரப்பு ஒரு அங்குலத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 25,000 என்றது. நான் மார்சி மலைப் பாதையில் ஒருமுறை இதைச் சோதித்துப் பார்த்தேன், என் கட்டைவிரல் கனம்கூட இல்லாத பால்சம் ஃபிர் ஒன்று, நிமிர்ந்தால் என் தோள் வரும், தண்டெல்லாம் பாசி பிடித்துக் கிழவி கை மாதிரி முறுக்கேறி நின்றது. அந்தக் குளிரில், அந்தப் பாறை மண்ணில், பெரிய மரங்களின் நிழலில் அது வளர எத்தனை வருடம் எடுத்திருக்கும்! அதை மரம் இல்லை என்று சொல்ல ஒரு அதிகாரியால்தான் முடியும். 2021 மே மாதம் அதே உயர்ந்த நீதிமன்றம் நாலுக்கு இரண்டு என்ற கணக்கில் திட்டம் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. வேண்டுமானால் மக்களிடம் போய்க் கேளுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

உள்ளூர்க்காரர்களுக்கு இதில் கசப்பு இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் இருந்தே இல்லாமல் இல்லை. தாத்தா காலத்திலிருந்து அந்தக் காட்டில் விறகு வெட்டியவன் ஒரே நாளில் திருடன் ஆனான், அதே காலத்தில் நியூயார்க் பணக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரை வேலி போட்டு வேட்டைக்காடாக வைத்திருந்தார்கள். அதற்கும் முன்னால் இந்தக் காட்டில் வேட்டையாடிய மோஹாக், அபெனாகி மக்களை எந்த மாநாட்டிலும் கேட்கவில்லை. இப்போதும் எங்கள் சுடுகாட்டுக்கும் கிணற்றுக்கும் புரூக்ளின்காரன் ஏன் ஓட்டுப் போட வேண்டும் என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் நல்லது ஒன்று, இங்கே மாநிலக் காட்டுக்கும் மாநில அரசு அந்தந்த ஊருக்குச் சொத்து வரி கட்டுகிறது, 1886-லிருந்து. இதைச் சொன்னபோது அப்பா, "அரசாங்கமே வரி கட்டுதா? பஞ்சாயத்துக்கா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

சாசனத்தால் எல்லாவற்றையும் தடுக்கவும் முடியவில்லை. மரத்தை வெட்டத்தானே தடை? மேற்கே நூற்றுக்கணக்கான மைல் தள்ளி அனல் மின் நிலையங்கள் கக்கிய புகை அமில மழையாக இந்த ஏரிகளில் இறங்கி, பல ஏரிகளில் மீனே இல்லாமல் போனது. அதற்கு 1990-இல் மத்திய அரசு காற்று மாசுச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

அப்புறம் அந்த வான் ஹோவன்பெர்க் மலை. 1932-இல் தனியார் நிலம் என்று போனார்களே, பின்னாளில் அந்த வளாகத்தை ஒட்டி மாநிலக் காடும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. பனிச்சறுக்குப் பாதைகள், கட்டடங்கள் என்று வளர்ந்துகொண்டே போனது. 2023-இல் அங்கே உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள் நடந்தன, அதற்காக நிறையக் கட்டினார்கள். கட்டிய பிறகுதான், இதற்கெல்லாம் சாசனத்தில் அனுமதி இருக்கிறதா என்று பேச்சு வந்தது. இல்லை. 2025 நவம்பர் ஓட்டுச் சீட்டில் முதல் கேள்வி அதுதான்: 1,039 ஏக்கர் வளாகத்தில் பனிச்சறுக்கு வசதிகளுக்கு அனுமதிக்கலாமா, பதிலுக்கு அடிராண்டாக்கில் 2,500 ஏக்கர் புதிதாகக் காட்டில் சேர்க்கப்படும்.

நான் குடியுரிமை வாங்கி இதுவரை போட்ட ஓட்டுகளிலேயே இதற்குத்தான் அதிகம் யோசித்தேன். முந்தின நாள் ராத்திரி, அங்கே காலை, அப்பாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் அம்மா குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்தார்.

"எத்தனை ஏக்கருன்னு சொன்ன?"

"1,039ப்பா. பதிலுக்கு 2,500."

"கட்டிட்டானா, இனிமேதான் கட்டப்போறானா?"

"கட்டினதும் இருக்கு, கட்டப்போறதும் இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. முப்பத்திரண்டு வருட சர்வீஸ் அப்படியே அந்தச் சிரிப்பில் இருந்தது. "அடி இவளே, இதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு வரன்முறை. எத்தனை ஃபைல் பாத்திருப்பேன்."

"அப்ப என்ன போடட்டும்ப்பா? வேண்டாம்னு போடவா?"

"இரு, இரு. வரன்முறைக்கு ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் கேக்குறானா?"

"கேக்குறாங்க."

"இரண்டரை பங்கு நிலமும் குடுக்குறானா?"

"குடுக்குறாங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மூன்றாவது விசில் வந்தது. "அப்ப போட்டு விடு, போ. எங்க சர்வீஸ்ல ஒருத்தனும் பதிலுக்கு ஒரு சென்ட் குடுத்ததில்ல."

போட்டுவிட்டேன். ஆதரவு கொஞ்ச வித்தியாசத்தில்தான் ஜெயித்தது. மறுநாள் முடிவைச் சொல்ல போன் பண்ணியபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்த 2,500 ஏக்கருக்கு சர்வே முடிந்து பெயர் மாற்றியாகிவிட்டதா என்று.